கடைக்கு ஷட்டர் உண்டு... வீட்டுக்கு?

பட்டிமன்றத் தலைப்பு: வீட்டிலிருந்தபடியே இணையத்தில் வாங்கி விற்பது சுலபமான வருமானமா? சுமையான உழைப்பா?

('சுமையான உழைப்பே' என்ற அணியில் இரண்டாவதாகப் பேசிய உரை)

அன்பிற்கும் மதிப்பிற்கும் உரிய நடுவர் அவர்களே! என் அணித் தலைவர் அவர்களே! சுலபம், சுலபம் என்று சொல்லிச் சொல்லியே நம்மையெல்லாம் களைப்படைய வைத்துவிட்ட எதிரணி நண்பர்களே! அரங்கம் நிறைய அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! கையில் முறுக்கும் அதிரசமுமாகத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கும் சொந்தங்களே!

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி ரொம்ப அழகாகப் பேசினார். என்ன சொன்னார்? "முதலீடு வேண்டாம், கடை வாடகை வேண்டாம், அட்வான்ஸ் வேண்டாம், வேலையாள் வேண்டாம். கையில ஒரு போன் இருந்தா போதும். நாலு புடவை படத்தை வாட்ஸ்ஆப்புல போட்டா, காசு தானா வந்து விழும்"னு சொன்னார்.

தம்பி, காசு தானா வந்து விழுறது உண்டியல்ல மட்டும்தான். அங்கேயும் சாமி ராத்திரி பகலா நின்னுக்கிட்டே இருக்கணும்! (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் அவர்களே, இந்தத் தொழிலைப் பார்க்காதவர்களுக்காக முதலில் அது எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். சேலம் பக்கத்தில் இளம்பிள்ளை இருக்கிறது. திண்டுக்கல் பக்கத்தில் சின்னாளபட்டி இருக்கிறது. வடக்கே குஜராத்தில் சூரத்து இருக்கிறது. இங்கேயெல்லாம் இருக்கிற மொத்த வியாபாரிகள் தினமும் காலையில் புடவைப் படங்களைக் குரூப்பில் அனுப்புவார்கள். அதை எடுத்து, அவர்கள் சொன்ன விலைக்கு மேலே ஒரு நூறோ நூற்றைம்பதோ வைத்து, நமக்குத் தெரிந்தவர்களுக்கு அனுப்ப வேண்டும். ஆர்டர் வந்தால் பணத்தை வாங்கி, நம் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை மொத்த வியாபாரிக்குக் கட்ட வேண்டும். சில பேர் சரக்கை வாங்கி வீட்டில் அடுக்கி வைத்து அனுப்புகிறார்கள். சில பேருக்கு மொத்த வியாபாரியே நேராக அனுப்பிவிடுகிறார். இதுதான் ரீசெல்லிங். இதையே பெரிய அளவில் செய்வதற்கென்று 2015-ல் பெங்களூருவில் மீஷோ என்ற நிறுவனமே வந்தது. அதற்குப் பிறகு சந்துக்குச் சந்து, அபார்ட்மெண்ட்டுக்கு அபார்ட்மெண்ட், நம் வீட்டுப் பெண்கள் வியாபாரிகளாக ஆனார்கள். நல்ல விஷயம். நான் குறை சொல்லவில்லை. திண்டுக்கல்லில் ஆறு வருஷமாக நானும் இதைத்தான் செய்கிறேன்.

ஆனா ஐயா, கேட்கச் சுலபமா இருக்கிறதெல்லாம் செய்யச் சுலபமா?

காலையில ஒரு புடவைப் படம் போடுறேன். கீழேயே கொட்டை எழுத்துல எழுதுறேன், 'விலை 800 ரூபாய், கூரியர் இலவசம்.' போட்டு ரெண்டு நிமிஷம் ஆகலை. முதல் செய்தி வருது. "அக்கா, விலை என்ன?" (சிரிப்பு)

சரி, கவனிக்கலை. "800 ரூபாய்ம்மா." "கூரியர் எவ்வளவுக்கா?" "இலவசம்மா." "கடைசி விலை சொல்லுங்க." "அதுதான்மா முதல் விலை, அதுதான்மா கடைசி விலை." "இதே புடவை வேற கலர்ல இருக்கா?" இருக்கிற ஆறு கலரையும் அனுப்புறேன். அடுத்த கேள்வி என்ன தெரியுமா? "இதுல என் கலருக்கு எது எடுப்பா இருக்கும்?"

உங்க கலர் எனக்கு எப்படிம்மா தெரியும்னு கேட்டா, "என் டி.பி.யைப் பாருங்கக்கா"ன்னாங்க. போய்ப் பார்த்தேன். டி.பி.யில பழநி முருகன் நிக்கிறார்! அவருக்கு எந்தக் கலரும் எடுப்பாத்தான் இருக்கும்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

இப்படி நாப்பது செய்தி போன பிறகு, "வீட்டுக்காரர்கிட்ட கேட்டுட்டு நாளைக்குச் சொல்றேன்"பாங்க. நாளைக்கு வராது. அடுத்த வாரம் வராது. மூணு மாசம் கழிச்சு, அந்தப் புடவை நெய்த தறியே வேற டிசைனுக்கு மாறின பிறகு, ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு செய்தி வரும். "அக்கா, அன்னைக்குப் பார்த்தது இருக்கா?"

இங்கேதான் நடுவர் அவர்களே, எதிரணி நண்பர் மறந்துவிட்ட ஒரு விஷயம் இருக்கிறது. கடை வாடகை இல்லை என்று சொன்னார். உண்மை. ஆனால் கடைக்கு ஒரு ஷட்டர் இருக்கிறது. ராத்திரி ஒன்பது மணிக்குக் கடைக்காரர் ஷட்டரை இழுத்து, பூட்டைப் போட்டு, ஒரு கற்பூரத்தைக் கொளுத்திக் காட்டிவிட்டுப் போய்விடுகிறார். அதற்குப் பிறகு அவரை யாரும் எழுப்புவதில்லை. வீட்டிலிருந்து விற்கிறவளுக்கு ஷட்டர் ஏது? சோறு வடிக்கும்போது வாடிக்கையாளர். பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும்போது வாடிக்கையாளர். பதில் சொல்லப் பத்து நிமிஷம் தாமதமானால் அந்த அம்மா அடுத்த குரூப்புக்குப் போய்விடுவார். பதில் சொன்னாலோ, "எந்நேரமும் இவளுக்குப் போன்தான்" என்று வீட்டில் ஒரு பேர்! (கைதட்டல்)

அடுத்து, வருமானத்துக்கு வருகிறேன். 'உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக் கூட மிஞ்சாது' என்று பெரியவர்கள் சொன்னார்கள். நான் இன்றைக்கு உழக்கோடு வந்திருக்கிறேன். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

புடவை அடக்கம் 600 ரூபாய். விற்கிற விலை 800 ரூபாய். "ஆஹா, 200 ரூபாய் லாபம்"னு எதிரணி கைதட்டும். பொறுங்க. சரக்கு நம்ம வீடு வந்து சேர ஒரு புடவைக்கு 20 ரூபாய்னு வச்சுக்குங்க. கவர், டேப், விலாசச் சீட்டு 10 ரூபாய். கூரியர் 60 ரூபாய். ஆக 90 போச்சு. மிச்சம் 110.

சரி, பத்துப் புடவை அனுப்பினா 1,100 ரூபாய் கைக்கு வருமா? வராது. பத்துல ஒண்ணு திரும்பி வரும். பொருளைப் பார்த்துட்டுக் காசு கொடுக்கிறேன்னு சொல்லுவாங்க. கூரியர்காரர் வீட்டு வாசல்ல நிப்பார். "அவர் ஊர்ல இல்லை, பணம் அவர்கிட்ட இருக்கு"ன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. போன கூரியர் 60, வந்த கூரியர் 60, கிழிஞ்ச கவர் 10. ஆக 130 ரூபாய் நம்ம தலையில. திரும்பி வந்த புடவையில மடிப்புக் கலைஞ்சிருக்கும், சில நேரம் மஞ்சள் கறையும் இருக்கும். அதை 200 ரூபாய் குறைச்சு 600-க்குத் தள்ளினா, வண்டிச் செலவு, கவர், மறுபடி கூரியர்னு அதுல இன்னொரு 90 நஷ்டம். ஒன்பது புடவையில வந்த 990-ல இந்த 220-ஐக் கழிங்க. மீதி 770.

படம் எடுக்கிறது, பதில் சொல்றது, மடிக்கிறது, ஒட்டுறது, கூரியர் ஆபீஸ் போய் வரிசையில நிக்கிறது எல்லாம் சேர்த்து ஒரு புடவைக்கு ஒன்றரை மணி நேரம்னு வைங்க. பத்துப் புடவைக்குப் பதினைந்து மணி நேரம். 770-ஐப் பதினைந்தால வகுத்தா மணிக்கு 51 ரூபாய். எதிரணி நண்பர் சொன்ன 'தானா வந்து விழுற காசு' இதுதான் ஐயா! (கைதட்டல்)

கூரியர்லயும் ஒரு சூட்சுமம் இருக்கு. பார்சலை அவங்க எடை மட்டும் பார்க்கிறதில்லை, இடமும் பார்ப்பாங்க. நீளம், அகலம், உயரம் மூணையும் சென்டிமீட்டர்ல அளந்து, பெருக்கி, பல கூரியர்ல 5,000-ஆல வகுப்பாங்க. 30-க்கு 25-க்கு 20 அளவுள்ள பெட்டியில ஒரு கிலோ சரக்கை வச்சீங்கன்னா, அவங்க கணக்குல அது மூணு கிலோ! உள்ளே இருக்கிற காத்துக்கும் சேர்த்துத்தான் நாம காசு கட்டுறோம். (சிரிப்பு)

பணம் வாங்குகிற கதையையும் சொல்ல வேண்டும். 2016-ல் யு.பி.ஐ. வந்தது. உண்மையிலேயே வரப்பிரசாதம். மணியார்டருக்குக் காத்திருந்த காலம் போய், கண் மூடித் திறப்பதற்குள் பணம் வந்துவிடுகிறது. ஆனால் திருடனும் கூடவே வந்துவிட்டான். "பணம் போட்டாச்சுக்கா" என்று ஸ்கிரீன்ஷாட் வரும். தேதி இருக்கும், நேரம் இருக்கும், பச்சை டிக்கும் இருக்கும். பணம் மட்டும் இருக்காது! இன்னொருத்தன், "உங்களுக்குப் பணம் அனுப்ப இந்தக் கட்டத்தை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க" என்பான். தாய்மார்களே, இந்த ஒன்றை மட்டும் முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. பின் நம்பர் கேட்டால், பணம் உங்களிடமிருந்து போகிறது என்று அர்த்தம். ஏமாந்து போனால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது. (கைதட்டல்)

வரிக் கதையும் உண்டு. ஜி.எஸ்.டி. 2017 ஜூலை 1-ல் வந்தது. பெரிய இணையச் சந்தைகளில் விற்க வேண்டும் என்றால், விற்பனை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அப்போது பதிவு கட்டாயம். 2023 அக்டோபர் 1 முதல் ஒரு சலுகை தந்தார்கள். நம் ஊரில் ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்குள் இருக்கிற சின்ன வியாபாரி, தன் மாநிலத்துக்குள் மட்டும், பதிவு எண்ணுக்குப் பதிலாக ஒரு சேர்க்கை எண் வாங்கிக்கொண்டு அந்தச் சந்தைகளில் விற்கலாம். ஆக, பதிவு இல்லாத நம் புடவை ஓசூர் வரைக்கும் தாராளமாகப் போகும். அதைத் தாண்டி அத்திப்பள்ளிக்குள் கால் வைத்தால் பதிவு கேட்பார்கள்! ஐந்தாவது பிள்ளை பிறந்தால் அரசனும் ஆண்டி என்பார்கள். இங்கே ஐந்தாவது படிவம் நிரப்பும்போது வியாபாரியும் ஆண்டி! (சிரிப்பு)

நடுவர்: அம்மா, இவ்வளவு கஷ்டம்னா விட்டுடலாமே?

விடலாம் ஐயா. ஆனா விட மாட்டோம். ஏன்னு கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னால இந்தத் தொழிலோட பெரிய சுமை எதுன்னு சொல்லியாகணும். அது கூரியர் இல்லை, வரியும் இல்லை. அது நம்பிக்கை.

வள்ளுவப் பெருந்தகை வியாபாரிக்குச் சொன்ன அறிவுரையை எங்கே கொண்டு போய் வைத்தார் தெரியுமா? நடுவு நிலைமை என்ற அதிகாரத்தில், கடைசிக் குறளாக, 120-வது குறளாக வைத்தார். நடுவர் ஐயா, உங்களுக்கும் எங்களுக்கும் ஒரே அதிகாரம்தான்! (கைதட்டல்) அடுத்தவர் பொருளையும் தன் பொருள் போலவே பார்க்க வேண்டும், அதுதான் வியாபாரிக்கு வியாபாரம் என்கிறார். ரீசெல்லர் விற்பதெல்லாம் அடுத்தவர் பொருள்தானே? நெய்தது ஒருவர். சாயம் போட்டது ஒருவர். படம் எடுத்தது ஒருவர். கொண்டு போய்க் கொடுப்பது ஒருவர். இத்தனை பேரில் யார் தவறு செய்தாலும் வாடிக்கையாளருக்குத் தெரிந்த பேர் ஒன்றே ஒன்றுதான். நம் பேர்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். திருச்சியில் ஒரு வளைகாப்பு. சொந்தக்காரப் பெண்கள் பன்னிரண்டு பேரும் ஒரே மாதிரி கரும்பச்சைப் புடவை கட்ட வேண்டும் என்று ஓர் அம்மா ஆர்டர் கொடுத்தார்கள். பணமும் முழுசாகக் கட்டிவிட்டார்கள். விசேஷத்துக்கு மூன்று நாள் முன்னால் சரக்கு என் வீட்டுக்கு வந்தது. பிரித்துப் பார்க்கிறேன். பத்துப் புடவை கரும்பச்சை. இரண்டு கிளிப்பச்சை. மொத்த வியாபாரிக்குப் போன் போட்டேன். "ரெண்டும் பச்சைதானேம்மா, போட்டோவுல ஒண்ணாத்தான் தெரியும்" என்றார்.

போட்டோவுல ஒண்ணாத் தெரியலாம் ஐயா. வளைகாப்புப் பந்தியில ஒண்ணாத் தெரியுமா? அந்த ரெண்டு பேரும் தனியாத் தெரிவாங்களே! அன்னைக்குத் திண்டுக்கல்ல ஏறி இறங்காத ஜவுளிக்கடை இல்லை. சாயங்காலம் ஒரு கடையில அதே கரும்பச்சை கிடைச்சுது. புடவைக்கு 700 ரூபாய் கூட. ரெண்டுக்கும் 1,400 ரூபாய் என் கையை விட்டுப் போச்சு. கூரியர்ல போட்டா நேரத்துக்குச் சேராதுன்னு, திருச்சி பஸ் கண்டக்டர்கிட்ட கொடுத்து, பஸ் நம்பரை அந்த அம்மாவுக்குச் சொல்லி, அவங்க பஸ் ஸ்டாண்டுல வந்து வாங்கிக்கிட்டாங்க. அந்த ஆர்டர்ல எனக்கு லாபம் ஒரு பைசா இல்லை. ஆனா, பன்னிரண்டு பேரும் ஒரே கலர்ல நின்ன போட்டோவை அந்த அம்மா அனுப்பினாங்க. மேலே ஒரே வரி. "நீங்க சொன்னா நம்பலாம்." (நீண்ட கைதட்டல்)

இந்த ஒரு வரிக்காகத்தான் சில பேர் வாயைக் கட்டி வைத்திருக்கிறோம். 'பியூர் சில்க் 700 ரூபாய்' என்று படத்தில் எழுதி அனுப்புகிறார்கள். அதை அப்படியே தள்ளிவிட எத்தனை நேரம் ஆகும்? ஒரு விரல் அசைவு. ஆனால் பட்டுக்கென்று 2004-லேயே சில்க் மார்க் முத்திரை வந்துவிட்டது. அந்த முத்திரை இல்லாமல் நான் பட்டு என்று சொல்வதில்லை, பட்டு மாதிரி என்றுதான் எழுதுவேன். எழுதினால் என்ன ஆகும்? 'பட்டேதான்' என்று சத்தியம் செய்கிற குரூப்புக்குப் பாதிப் பேர் போய்விடுவார்கள். உண்மையைச் சொல்வதற்கும் இந்தத் தொழிலில் ஒரு விலை இருக்கிறது நடுவர் அவர்களே. அந்த விலை எந்த லாபக் கணக்கிலும் வராது.

சரி, ஏன் விடவில்லை என்று கேட்டீர்களே, சொல்கிறேன். மாசக் கடைசியில் பிள்ளைக்கு ஒரு நோட்டு வாங்க, ஊரிலிருந்து வந்த அம்மாவுக்கு ஒரு மருந்து வாங்க, யாரிடமும் கை நீட்டாமல் தன் பேரில் இருக்கிற கணக்கிலிருந்து எடுத்துக் கொடுக்கிறாளே, அந்த நிமிஷத்துக்காக விடவில்லை. 51 ரூபாயாக இருந்தாலும் அது அவள் சம்பாதித்த 51 ரூபாய். (கைதட்டல்)

அதனால்தான் சொல்கிறேன், 'சுலபம்' என்ற சொல் பாராட்டு மாதிரி தெரியும், ஆனால் அது அவள் உழைப்பை அழிக்கிற ரப்பர். சுலபம் என்று சொன்னால் வீட்டில் யாரும் உதவிக்கு வர மாட்டார்கள். "சும்மா உட்கார்ந்து போன்தானே பார்க்கிறே, எழுந்து காபி போடு" என்பார்கள். சுலபம் என்று நினைத்தால் அவளும் தன் நேரத்துக்குக் கூலி வைக்க மாட்டாள், நோட்டுப் போட்டுக் கணக்கு எழுத மாட்டாள். சொந்தக்காரர்கள் "நமக்குள்ள என்ன காசு, அடுத்த மாசம் தரேன்" என்று எடுத்துப் போவார்கள். இதே சொந்தம் ஜவுளிக்கடையில் போய் அடுத்த மாசம் தருகிறேன் என்று சொல்லுமா? தீபாவளிக்கு முந்தின ராத்திரி வரைக்கும் நூறு வீட்டுக்குப் புடவை அனுப்பிவிட்டு, தனக்கு ஒன்று எடுத்து வைக்க மறந்து போன பெண்கள் இந்த அரங்கத்திலேயே இருப்பார்கள். அவர்களிடம் போய்ச் சுலபம் என்று சொல்லிப் பாருங்கள் எதிரணி நண்பர்களே!

நம் ஊர்ப் பாதையோரத்தில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்திருப்பார்கள். தலைச்சுமையோடு நடக்கிறவர்கள் குனியாமல், இன்னொருத்தரைக் கூப்பிடாமல், சுமையை இறக்கி வைக்கிற உயரத்தில் அது இருக்கும். வயிற்றுப் பிள்ளையோடு இறந்து போன பெண்களின் நினைவாக அதை வைப்பது நம் வழக்கமாக இருந்தது. ஒரு பெண் இறக்காமல் சுமந்து போன சுமையை நினைத்து, வழியில் போகிற ஒவ்வொருவர் சுமைக்கும் இடம் செய்து கொடுத்த ஊர் நம் ஊர்.

நாங்கள் கல் கேட்கவில்லை ஐயா. கவரில் டேப் ஒட்ட ஒரு கை. கூரியர் ஆபீசுக்குப் பார்சலைக் கொண்டு போக ஒரு வண்டி. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல், "போதும்மா, கடையைச் சாத்து, நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று சொல்ல வீட்டில் ஒரு குரல். அதுதான் எங்களுக்கு ஷட்டர்.

சுமை என்று நீங்கள் தீர்ப்புச் சொன்னால், தொழிலை விடச் சொன்னதாக ஆகாது. சுமை என்று தெரிந்தால்தான் இறக்கி வைக்க ஒரு கை வரும். ஆகவே, வீட்டிலிருந்தபடி இணையத்தில் வாங்கி விற்பது சுமையான உழைப்பே, அது மதிக்க வேண்டிய உழைப்பே என்று நல்ல தீர்ப்பைத் தாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். (பலத்த கைதட்டல்)